ஜூஜுவாடி பணம் கடலில் விழலாமா?

ராமேசுவரம் போய் வருகிறவர்கள் முன்பெல்லாம் தீர்த்தமும் சங்கும் கொண்டு வந்தார்கள். இப்போது மனை நோட்டீசும் சேர்ந்து வருகிறது.

"கடல் பார்த்த பிளாட் சார்! இன்னிக்கு சல்லிசு. அஞ்சு வருஷத்துல ஜூஜுவாடி ரேட்டு வந்துடும்!"

புரோக்கர் பேச்சு இப்படித்தான் இருக்கும். இதில் மயங்க ஜூஜுவாடிக்காரர்களுக்குக் காரணமும் உண்டு. ராகி விளைந்த மண் எல்லாம் கண் முன்னாலேயே பொன்னானதைப் பார்த்தவர்கள் அவர்கள். 1970-களில் ஓசூருக்கு சிப்காட் வந்தது. அந்தப் பக்கம் பெங்களூர் வளர்ந்து வளர்ந்து அத்திப்பள்ளி வரை வந்து நின்றது. 2019-ல் ஓசூர் மாநகராட்சியும் ஆயிற்று. அன்றைக்கு விற்றவர் இன்று கையைப் பிசைகிறார். "இங்கே விட்டதை அங்கே பிடிச்சிடலாம்" என்ற ஆசை அதில்தான் பிறக்கிறது.

ரேட்டு ஏன் ஏறியது?

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். ஜூஜுவாடி மண்ணுக்கு விலை சும்மா ஏறவில்லை. கம்பெனி வந்தது. ஷிப்டு வேலைக்கு ஆள் வந்தான். அவனுக்கு ரூம் வேண்டும், மெஸ் வேண்டும், மளிகைக் கடை வேண்டும். வேலைதான் விலையை ஏற்றியது.

ராமநாதபுரம் கரையோரத்தில் அந்த வேலை எங்கே இருக்கிறது? கடலுக்குள் இருக்கிறது!

தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். சுற்றிலும் பவளப்பாறை, கடல்புல். 1986-ல் இதைக் கடல் தேசியப் பூங்கா என்று தமிழக அரசு அறிவித்தது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989-ல் இந்த வட்டாரம் 10,500 சதுர கிலோமீட்டருக்கு உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. ஆவுளியா என்கிற கடல்பசு, ஓங்கில், ஆமை, கடல் அட்டை, கடல்குதிரை எல்லாம் வாழும் இடம். மீன் குஞ்சு வளர்வதும் இந்தப் பாறை இடுக்கிலும் புல் மேட்டிலும்தான். அதை நம்பித்தான் வலை போடுகிறவரும், பாசி எடுக்கும் பெண்களும் பிழைக்கிறார்கள்.

முழுகிய இரண்டு தீவு

அந்த 21-ல் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு மேலே இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டட வேலைக்கும் பவளப்பாறையை வருஷக்கணக்கில் வெட்டி எடுத்தார்கள். பாறை இருந்தவரை அலை அங்கேயே உடைந்தது. பாறை போனதும் அலை நேராகத் தீவையே தின்றது. தூத்துக்குடிப் பக்கம் வான் தீவும் தேய்ந்து போய், 2015-ல் இருந்து செயற்கைப் பாறை இறக்கிக் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

தீவே நிற்காத இடத்தில் 'சீ வியூ' பிளாட் நிற்குமா?

தனுஷ்கோடியை மறந்துவிடக் கூடாது. 1964 டிசம்பர் 22 ராத்திரி வரை அங்கே ரயில் நிலையம் இருந்தது, தபாலாபீஸ் இருந்தது, கோயில், தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. ஒரே புயல். ஊரும் போயிற்று, ரயிலும் போயிற்று. இன்று மிச்சம் இருப்பது இடிந்த சுவர்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு 1991-ல் வந்தது. 2011-லும் 2019-லும் மாற்றி எழுதினார்கள். பவளப்பாறை, அலையாத்திக் காடு, தேசியப் பூங்கா உள்ள இடம் மிகக் கடுமையான பிரிவில் வருகிறது. ஜன நெருக்கம் குறைந்த கிராமக் கரைகளில் அலை ஏறும் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டடத் தடை மண்டலம். பத்திரம் பதிந்து கையில் இருக்கும். வீடுதான் கட்ட முடியாது!

எனவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் பட்டா, வில்லங்கச் சான்று, டி.டி.சி.பி. அங்கீகாரம், ரெரா பதிவு எண் நான்கையும் கேட்க வேண்டும். கடற்கரை மண்டல வரைபடத்தில் சர்வே எண் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஐந்தாவதாக ஒரு கேள்வி: குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து? கிணறு வெட்டினால் உப்பு. ராமநாதபுரத்துக்குக் குடிநீர் காவிரியிலிருந்து குழாயில் போகிறது. இங்கேயும் ஒகேனக்கல் திட்டத்தில் அதே காவிரிதான். தண்ணீர் அருமை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

2012-ல் ஈமு கோழி என்று சொல்லிக் கொங்கு மண்டலமே ஏமாந்தது. பி.எப். பணம், பெண் கல்யாணத்துக்கு வைத்த பணம் எல்லாம் அதில் போயிற்று. "மாசா மாசம் வரும்" என்று எவன் சொன்னாலும் அந்தக் கோழி ஞாபகத்துக்கு வர வேண்டும்.

அப்படியானால் பணமே போகக் கூடாதா?

அப்படிச் சொல்லுவதும் தப்பு. ராமநாதபுரம் வறண்ட ஜில்லா. மத்திய அரசு 2018-ல் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று பட்டியல் போட்டபோது, தமிழ்நாட்டில் எடுத்த இரண்டில் அது ஒன்று, இன்னொன்று விருதுநகர். பிழைப்புக்குச் சீமை போகும் ஜனங்கள் அவர்கள். அங்கே பணம் வரத்தான் வேண்டும்.

எப்படி வரவேண்டும் என்பதுதான் கேள்வி. வாங்கிப் பூட்டிப் போட்ட பிளாட்டால் உள்ளூரில் ஒருவனுக்கும் ஒரு வேளைச் சோறு கிடையாது. கடலை விட்டு உள்ளே தள்ளி ஐஸ் பேக்டரி, கருவாடு காயவைக்கச் சுத்தமான களம், பாசி வாங்கி விற்கும் தொழில், ஊர்க்காரரோடு கூட்டாக ஒரு ஓட்டல் என்றால் சரி. பாசியிலும் ஜாக்கிரதை வேண்டும். வளர்ப்புக்காக வந்த வெளிநாட்டுப் பாசி குருசடைத் தீவில் பவளத்தின் மேலேயே படர்ந்து மூடியது. லாபம் பார்க்கிறவர் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போய் வரலாம், தாராளமாக!

சேலம், கரூர், மதுரை வழியாக 500 கிலோமீட்டருக்கு மேல். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலமும் திறந்தாயிற்று. 2017-ல் இருந்து அரிச்சல்முனை வரை ரோடு. குருசடைக்கும் காரங்காடு அலையாத்திக் காட்டுக்கும் வனத்துறை படகு விடுகிறது. காரங்காட்டில் படகு ஓட்டுவதும் சாப்பாடு போடுவதும் ஊர் ஜனங்களே. அங்கே கொடுக்கும் ரூபாய் நேரே அவர்கள் மடியில் விழுகிறது. தனுஷ்கோடிக்கு வரும் பூநாரைகளுக்காக 2025 ஜூனில் சரணாலயமும் அறிவித்தார்கள்.

பவளத் துண்டை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே சட்டம் அதற்கும் உண்டு. பிளாஸ்டிக் குப்பையைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

குடும்பத்தோடு போகட்டும். படகில் ஏறட்டும். உள்ளூர் ஓட்டலில் மீன் குழம்பு சாப்பிடட்டும். நோட்டீசு நீட்டுகிறவனிடம், "சர்வே நம்பர் குடு, விசாரிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறட்டும். நியாயமான இடம் என்றால் விசாரித்து வரும் வரை அது எங்கேயும் ஓடிவிடாது.