யார் இறக்கிவிட்டது?

‘கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தபோது விஷவாயு தாக்கி இருவர் பலி.’ ஊர்ப் பெயரும் எண்ணிக்கையும் மட்டும் மாற, இந்தச் செய்தி நம் நாளிதழ்களில் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலும் உள்பக்கத்தில், ஒற்றைப் பத்தியில். இறந்தவர்களின் பெயரும் வயதும் இருக்கும். தீயணைப்பு வீரர்கள் உடல்களை மீட்டது இருக்கும். ‘போலீசார் வழக்குப் பதிந்து விசாரித்து வருகின்றனர்’ என்று முடியும்.

இன்னொரு முறை படித்துப் பாருங்கள். தாக்கியது விஷவாயு. தொட்டியின் சொந்தக்காரர் அந்த வாக்கியத்தில் இல்லை. கூலி பேசிக் கூட்டிவந்த ஒப்பந்ததாரரும் இல்லை. மூடியைத் திறந்து ‘இறங்கு’ என்று சொன்னவரும் இல்லை. ‘மின்னல் தாக்கிப் பலி’ என்று எழுதுகிறோமே, அதே இலக்கணம்தான் இதற்கும்.

செய்தியாளர் ஒரு போராட்டத்தின் பக்கம் நிற்கலாமா என்று கேட்பவர்கள் முதலில் இந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். நடுநிலை என்று நம்பி எழுதப்படுகிற இது, ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துதான் கிடக்கிறது.

தொட்டிக்குள் நடப்பதைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் இருக்கும்போது அழுகிய முட்டைபோல நாறும். அளவு கூடினால் நுகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று எண்ணி இறங்குகிறவர் சில மூச்சுகளில் சரிகிறார். மேலே நிற்பவர் அவரைத் தூக்கக் குதிக்கிறார், அவரும் சரிகிறார். ‘மூவர் பலி’ என்ற தலைப்புகளில் பலவற்றின் பின்னே, அண்ணனையோ கூட வேலை பார்த்தவனையோ காப்பாற்றப் போன ஒருவர் இருக்கிறார்.

இது விபத்து அல்ல என்று சட்டமே சொல்கிறது. பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளும் பணியைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை விதிக்கலாம். 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

2014 தீர்ப்பு தானாக வரவில்லை. பெஜவாடா வில்சனின் தூய்மைப் பணியாளர் இயக்கமான சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் 2003இல் தொடுத்த வழக்கு அது. அந்த இயக்கத்தினர் ஊர் ஊராகப் போய் கையால் மலம் அள்ளப்படும் உலர் கழிப்பிடங்களைப் படமெடுத்தார்கள்; இறந்தவர்களின் விவரங்களைத் திரட்டினார்கள். ஒரு நல்ல செய்தியாளர் செய்யக்கூடிய வேலை அது. பத்திரிகைகள் செய்யாமல் விட்டதைப் போராளிகள் செய்தார்கள். இயக்குநர் திவ்யபாரதி 2017இல் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தில் காட்டியவையும் நம் செய்திப் பக்கங்கள் எப்போதோ காட்டியிருக்க வேண்டியவைதான்.

சொல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று. கையால் மலம் அள்ளியதால் மரணம் ஏதும் பதிவாகவில்லை என்று 2021இல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. 1993 முதல் சாக்கடையையும் தொட்டியையும் சுத்தம் செய்யும்போது இறந்தவர்கள் 941 பேர் என்றும் அதே ஆண்டு சொன்னது. இந்த மரணங்கள் ‘அபாயகரமான தூய்மைப் பணி’ என்ற வேறு பெயரின் கீழ் வருகிறவையாம். மாநிலவாரியாகப் பார்த்தால், அந்த 941 பேரில் அதிகம் பேர் இறந்தது தமிழ்நாட்டில்தான்.

செய்தியாளர் ஒரு போராட்டத்தின் பக்கம் நிற்பது புதிதும் அல்ல. இதழாசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் விதவை மறுமணத்தைப் பத்திரிகையில் ஆதரித்து எழுதியதோடு நிற்கவில்லை. 1889இல் கைம்பெண்ணான தம் மகளுக்கு மறுமணம் செய்துவைத்தார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கியது, தம் மக்களின் குரலை அச்சேற்றுவதற்காக. தமிழ் இதழியலின் தொட்டிலிலேயே போராட்டம் இருந்தது.

ஆனால் பக்கம் நிற்பவருக்குப் பொறுப்பு இரட்டிப்பு. நோக்கம் நியாயமானது என்பதால் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஒரு பெயர், ஒரு தேதி தவறினால் போதும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மீதி உண்மைகளையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். ஒப்பந்ததாரரிடமும் அதிகாரியிடமும் பதில் கேட்டே எழுத வேண்டும். சகதி படிந்த உடலின் படத்தைப் போட்டு இரக்கம் திரட்டக் கூடாது. அந்த வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். களத்தில் நிற்பவரின் பிடிவாதமும் செய்தியாளரின் சந்தேகமும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும்.

இந்த இதழில் இனி ‘விஷவாயு தாக்கி’ என்று எழுத மாட்டோம். மலக்குழி மரணம் ஒவ்வொன்றிலும் நான்கு கேள்விகளைக் கேட்போம். தொட்டி யாருடையது? இறங்கச் சொன்னவர் யார்? 2013 சட்டத்தின் கீழ் வழக்குப் பதிந்தார்களா? இழப்பீடு வீடு வந்து சேர்ந்ததா? ஆறு மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போய் மீண்டும் கேட்போம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்த ஒற்றைப் பத்திச் செய்தியைப் பார்க்கும்போது, அந்த நாளிதழின் ஆசிரியருக்கு ஒரு அஞ்சலட்டை போடுங்கள். ‘இறக்கிவிட்டவர் பெயர் எங்கே?’ என்ற ஒரு வரி போதும்.