முப்போட்டியும் மாணாக்கன் மடிச்சீலையும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபோது, சங்கச் செய்யுளைப் பற்றியோ நாவலர் பெருமானின் உரைநடையைப் பற்றியோ யாம் எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். தமிழாசிரியருக்கு விளையாட்டுத் திடலில் யாது வேலை என வினவுவாரும் உளர். வினவட்டும். விடுப்புக் கடிதத்திற் பிழை திருத்தித் தருமாறு சென்ற ஆண்டு எம்மிடம் வந்த உயர்தர வகுப்பு மாணாக்கன் ஒருவனே இக்கட்டுரைக்குக் காரணமாயினான்.

வெளியூரில் நிகழவிருந்த ட்ரயத்லன் போட்டி ஒன்றிற் கலந்துகொள்வதற்காகவே அவன் விடுப்புக் கேட்டான். சிற்றப்பனின் துவிச்சக்கரவண்டியை இரவல் வாங்கிப் பேருந்திலேற்றிச் சென்றான். மூன்றாம் நாள் திரும்பி வந்தவனிடம், “எத்தனையாவதாக வந்தாய், தம்பி?” என்றோம். “தொடங்கவே விடவில்லை, சேர்” என்றான். அவன் கொண்டுசென்றது மோட்டார்ச் சைக்கிளுக்குரிய தலைக்கவசம். வண்டியின் கைபிடிக் குழாயின் ஒரு முனையும் அடைப்பின்றித் திறந்து கிடந்தது. பரிசோதித்தவர்கள் மறுத்துவிட்டனர். அவர்கள் செய்தது தவறன்று. விழுந்தவன் வயிற்றில் திறந்த குழாய் பாய்ந்துவிடக் கூடும் என்பதனாலேயே அவ்விதி ஏற்பட்டது. ஆயினும், ஓராண்டு முழுவதும் விடியற்காலையில் எழுந்து பயின்ற ஒருவன், ஒரு தலைக்கவசமும் ஒரு தக்கையும் இல்லாமையாற் கரையில் நின்று பார்த்துவிட்டு வந்தான் என்பது எமக்கு ஆறவில்லை.

நீந்தி, துவிச்சக்கரவண்டி ஓட்டி, பின் ஓடி, இடையில் ஓய்வின்றி முடிப்பதே இப்போட்டி. மூன்று, போட்டி எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களின் சேர்க்கையே அதன் பெயராதலின், ஈண்டு அதனை முப்போட்டி என வழங்குவோம். 1974 இல் அமெரிக்காவின் சன் டியேகோ நகரிற் பிறந்தது. 1978 இல் ஹவாயில் நடந்த முதல் ‘அயன்மான்’ நெடும்போட்டியில் இறங்கியவர் 15 பேர். முடித்தவர் 12 பேர். 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அங்கே நீச்சல் 1.5 கிலோமீற்றர், வண்டி 40, ஓட்டம் 10. மாணாக்கர்க்கு ஏற்றது அதன் அரைவாசி: 750 மீற்றர் நீச்சல், 20 கிலோமீற்றர் வண்டி, 5 கிலோமீற்றர் ஓட்டம். நம் நாட்டில் 2018 இல் கொழும்பில் அரை அயன்மான் போட்டி நடைபெற்ற பின்னர் இளைஞர் பலர் இதன்பால் நாட்டங் கொண்டனர்.

இது செல்வர் விளையாட்டு என்பது பலர் கருத்து. விளம்பரங்களைப் பார்ப்பார்க்கு அவ்வாறே தோன்றும். எம் கருத்து யாதெனின், அவ்விளம்பரப் பொருள்களுட் பெரும்பாலானவை நம் மாணாக்கனுக்கு வேண்டாதவை. வேண்டிய சிலவற்றையோ எவரும் அவனுக்குக் கொடுப்பதில்லை.

குளிர்நாட்டார் அணியும் இறப்பர் நீச்சலுடையை முதலில் எடுத்துக்கொள்வோம். விலை மிக்க பொருள்களுள் அஃதொன்று. நீர் 20 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேலாயின் முதனிலை வீரர் அதனை அணிதல் விதிப்படி கூடாது. நம் கடலோ ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 27 முதல் 30 பாகை வரை வெதுவெதுப்பாய் இருப்பது. அச்செலவைக் கடலன்னையே தள்ளுபடி செய்துவிட்டாள்.

அடுத்து வண்டி. 2022 இன் நெருக்கடியிற் பெற்றோலுக்கு வரிசையில் நின்று களைத்தவர்கள் துவிச்சக்கரவண்டியை நாடியமையும், இறக்குமதி முடங்கியமையும், விலை மேலெழுந்தமையும் யாவரும் அறிந்தனவே. புதிய பந்தய வண்டி சாதாரண குடும்பத்து மாணாக்கனுக்கு எட்டாக்கனி. ஆனால் அவ்விலையில் ஒருவன் வாங்குவது எதனை? பெரும்பாலும் எடைக் குறைவையே. நம் வீட்டு வண்டி 20 கிலோகிராம் அளவினதாயின் பந்தய வண்டி அதில் அரைவாசிக்கும் குறைவு. மலையேறும்போது அது பெரிய வேறுபாடு. நம் குடாநாடோ சமநிலம். சமநிலத்தில் வேகமாகச் செல்வோனை மறிப்பது எடையன்று, காற்று. அக்காற்றின் பெரும்பகுதியை ஏற்பது வண்டியுமன்று, ஓட்டுபவனின் உடலே. எனவே முதுகை வளைத்து, முழங்கையை மடக்கி, படபடக்கும் சட்டையை விடுத்து உடலோடொட்டிய பனியனை அணிந்தால், பணம் செலவின்றி வேகம் கூடும். இருக்கையை உயர்த்துவதற்கும் காசு வேண்டியதில்லை: மிதி அடியில் நிற்கையில் குதிகாலை அதன்மேல் வைத்தாற் கால் நேராக நீளவேண்டும். நம் மாணாக்கருட் பலர் முழங்கால் நெஞ்சிலிடிக்க ஓட்டுவதைக் காலைதோறும் வாயிலில் நின்று காண்கின்றோம். பாவித்த வண்டி வாங்குவோன் பூச்சின் பளபளப்பைப் பாராது, சட்டத்தில் வெடிப்பு உண்டா, சில்லு நெளியாது சுழல்கின்றதா, தடை பிடிக்கின்றதா என்று பார்க்கட்டும். மிஞ்சும் பணத்தில் ஒடுங்கிய, வழவழப்பான டயர் இரண்டு வாங்கிக் காற்றை இறுக நிரப்புவானாயின் அதுவே போதும். 1990களில் எரிபொருட்டடை நிலவிய நாள்களில் நோயாளியையும் விறகுக்கட்டையும் சுமந்த வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் யாம். பழைய வண்டியை இகழ எமக்கு மனம் வருவதில்லை.

மிதியிற் கொளுவும் சிறப்புச் சப்பாத்தும் தொடக்கத்தில் வேண்டாம். ஓட்டச் சப்பாத்து ஒன்றே இரண்டிற்கும் உதவும். மாற்றும் நேரமும் மிச்சம். முடிச்சிடும் கயிற்றுக்குப் பதிலாகத் தையற்காரர் பாவிக்கும் இலாஸ்டிக் நாடாவைக் கோத்துவிட்டாற் காலை நுழைத்தவுடன் ஓடலாம்.

இனி, சிக்கனம் கூடாத இடங்கள் இரண்டு. ஒன்று தலைக்கவசம். அதன் உள்ளிருக்கும் நுரைப்பொருள் நசுங்குவதனாலேயே தலையைக் காக்கின்றது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை காக்காது. விழுந்ததா இல்லையா என்று வெளித்தோற்றத்தால் அறிய முடியாமையின், பாவித்த தலைக்கவசத்தை எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது. மற்றது நீச்சல். நீச்சற் கண்ணாடி மலிவு. நீச்சல் கற்பிப்போர் அருமை. வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இற் பாக்குநீரிணையைப் போகவும் மீளவும் நீந்திக் கடந்தார் என்று பெருமை பேசுகின்றோம். பேசும் எம்முள் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? யாமும் கீரிமலைக் கேணியின் படியோரம் விட்டகலாதவர்களே. மாணாக்கர் தனியே கடலில் இறங்கிப் பயிலுதலை எக்காரணத்தாலும் இசையோம். பயிற்சி பெற்ற ஒருவர் கரையில் நிற்க, கூட்டமாகவே பயிலவேண்டும். அவருக்குக் கொடுக்கும் வேதனமே இவ்விளையாட்டின் உண்மையான பெருஞ்செலவு.

பழைய மாணவ அன்பர்களே, உங்களிடம் ஒன்று கேட்கின்றோம். விழா என்றாற் கேடயமும் வெற்றிக்கிண்ணமும் வந்து குவிகின்றன. அதிபர் அறையில் அவற்றை வைக்க இடமில்லை. விளையாட்டுப் பொருளறையிலோ தையல் விட்ட பந்துகளே கிடக்கின்றன. வென்றவனுக்குக் கொடுக்கும் கிண்ணத்தின் விலையிற் போட்டியிடவே முடியாதவனுக்கு ஒரு தலைக்கவசம் கிடைக்கும். வெவ்வேறு அளவிற் புதிய தலைக்கவசங்கள் பத்து, வண்டிகள் மூன்று அல்லது நான்கு, நீச்சற் பயிற்றுநர் ஒருவருக்கு ஓராண்டு வேதனம்: யாம் வேண்டுவது இவ்வளவே. புலம்பெயர்ந்து வாழ்வோர் விடுமுறையில் ஊர் வரும்போது பெட்டியில் ஒரு தலைக்கவசத்திற்கு இடம் வையுங்கள். தாம் கழித்ததைத் தாராதீர்கள். காரணத்தை மேலே கூறினோம்.

இரவற்பொருள் பழுதாகும் என்று சபையில் ஒருவர் சொன்னார். ஆகும். நூலகப் புத்தகமும் கிழிகின்றது. அதற்காக நூலகத்தை மூடினோமில்லை. மூன்று நான்கு மாணாக்கருக்காக இவ்வளவா என்று இன்னொருவர் கேட்டார். தலைக்கவசத்தை முப்போட்டிக்காரன் மட்டும் அணியவேண்டும் என்பதில்லை. நாள்தோறும் பிரதான வீதியிற் பேருந்துகளுக்கிடையே வண்டியோட்டி வரும் மாணாக்கர் தொகையை அவரும் ஒருமுறை வாயிலில் நின்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆய்வுகூடத்துக்கு அருகே பழைய அலுமாரி ஒன்று வெறுமையாய்க் கிடந்தது. அதிபரின் இசைவு பெற்று அதனைத் துடைத்து வைத்துள்ளோம். இரவற் பதிவேடு ஒன்றும் கோடிட்டாயிற்று. சாவி உடற்கல்வி ஆசிரியரிடம் உளது.