ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் ஊர்



விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் பேச்சு அருவியையும் மலையையும் தாண்டிப் போவதில்லை. தூத்துக்குடி என்றால் “அங்கே என்ன இருக்கு?” என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரமில்லாமல் போய் வாருங்கள் என்பேன். கிழமையைச் சும்மா சொல்லவில்லை.

கரிசல் காட்டுப் பருத்தி வண்டி வண்டியாக வந்து கப்பலேறிய ஊர் இது. கிரேட் காட்டன் ரோடு என்று ஒரு தெருவே உண்டு, இன்றும் டபிள்யூ.ஜி.சி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். 1876-இல் ரயில் வந்தது. 1914-இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை, சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் இங்கே இறங்கித்தான் கப்பல் பிடித்தார்கள். பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் மரத் தோணிகள் இன்னும் இருக்கின்றன. கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம்.

ஹார்வி சகோதரர்கள் 1888-இல் தொடங்கிய கோரல் மில்லும் இங்கேதான். 1908 பிப்ரவரி 27 அன்று அதன் தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. கூலி உயர்வு வேண்டும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்றார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியிருந்த வ.உ.சி.யும், சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்காகப் பேசினார்கள். ஊர்க்காரர்கள் பணம் திரட்டிச் சோறு போட்டார்கள். மில் பக்கம் பேசிய வக்கீல் ஒருவருக்கு நாவிதர் பாதிச் சவரத்தோடு கத்தியை மடக்கி வைத்துவிட்டார் என்ற கதையை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி கூடியது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறையானது. அதற்கான விலையும் உடனே வந்தது: மார்ச் 12-இல் வ.உ.சி. கைதானார், மறுநாள் திருநெல்வேலியில் துப்பாக்கிச் சூடு.

ஊரின் மதிப்பு எனக்கு இங்கேதான் கூடுகிறது. கோட்டைகளுக்கும் அரண்மனைகளுக்கும் பலகை வைக்கிற நாம், மில் வாசல்களைப் பாரம்பரியம் என்று நினைப்பதே இல்லை.

ஊருக்கு வெளியே உப்பளம். விடியுமுன்னே போனால்தான் வேலை நடப்பதைப் பார்க்கலாம். வெயில் ஏறினால் உப்பு கண்ணைக் கூச வைக்கும். பாத்தியில் பரல் விட்ட உப்பை நீளக் கம்பு மாட்டிய பலகையால் இழுத்துக் கரையில் சேர்க்கிறார்கள். பலகை நகர நகர நறநறவென்று சத்தம். மழைக்காலத்தில் இவர்களுக்கு மாதக்கணக்கில் வேலையே இருக்காது. அந்த ஓய்வுக்குச் சம்பளம் கிடையாது. 1908 இன்னும் இந்தப் பக்கம் முழுசாக வந்து சேரவில்லை போலும்.

சரி, சாப்பாடு. மக்ரூன் இல்லாமல் இந்த ஊரிலிருந்து திரும்பக் கூடாது. போர்ச்சுகீசியர் விட்டுப்போன பண்டம் என்பார்கள். அவர்கள் ஊரில் பாதாம், இங்கே முந்திரி. முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க நுரைக்க அடித்து, பொடித்த முந்திரியைச் சேர்த்து, காகிதக் கூம்பில் நிரப்பிச் சின்னச் சின்னக் கோபுரமாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் வெகுநேரம் வைத்து எடுக்கிறார்கள். வாயில் வைத்ததும் மொறுமொறுப்பு உடைந்து கரைந்துவிடும், முந்திரித் துணுக்கு மட்டும் பல்லில் நிற்கும். ஈரக்காற்று ஆகாது; காற்றுப் புகாத டப்பா கொண்டு போங்கள்.

இரவுக்குப் பொரிச்ச பரோட்டா. பரோட்டா கடைக்கு இந்த ஊரில் ‘நைட் கிளப்’ என்று பெயர், பயப்பட வேண்டாம், குடும்பத்தோடு போகலாம். எண்ணெயில் முறுகியதைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி ஊற விட்டு...

கோரல் மில்லைப் போல உங்கள் ஊரிலும் ஒரு மில்லோ, அச்சகமோ, தீப்பெட்டி ஆபீஸோ இருந்திருக்கும். சங்கு ஊதிய நேரம், கேண்டீனில் போட்ட வடை, சம்பள நாளன்று வாசலில் முளைத்த கடைகள் என நினைவில் இருப்பதை எழுதுங்கள். பழைய படம் இருந்தால் பிரதி எடுத்து அனுப்புங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்