றெக்கை கொட்டும் கோழியும் வாராக்கடனும்

கோழிக்கு றெக்கை கொட்ட ஆரம்பித்தால் உடனே கத்தியைத் தேடுகிற வழக்கம் நம்மூரிலும் உண்டு, இங்கே திருவனந்தபுரத்திலும் உண்டு. எங்கள் வீட்டில் ஆறு கோழிகள். போன துலாவர்ஷத்தில் (அதாங்க, நம்ம ஐப்பசி அடைமழை) இரண்டு கோழிகள் கழுத்தும் முதுகும் மொட்டையாகி நின்றன. பக்கத்து வீட்டுச் சேச்சி மதில் வழியே பார்த்துவிட்டு, "சாரே, இதினெ கறி வெச்சூடே?" என்றார். "முட்டையும் இல்ல, தீவனம் மட்டும் காலியாகுது" என்று வீட்டம்மாவும் ஒத்து ஊதினார்.

நான் பிழைப்பது வங்கியில். அங்கே தவணை 90 நாளுக்கு மேல் நின்றால்தான் வாராக்கடன் கணக்கில் சேர்ப்போம். கோழி இறகு மாற்ற எட்டு முதல் பன்னிரண்டு வாரம். அதிகபட்சம் 84 நாள். கடன்காரருக்குத் தருகிற அவகாசத்தைக் கோழிக்குத் தரக்கூடாதா? :-)

அந்த நாட்களில் அது சும்மா தின்றுகொண்டிருக்கவில்லை. இறகில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் புரதம்தான். உடம்பில் இருப்பதையெல்லாம் அதற்குச் செலவழிக்கும்போது முட்டை நின்றுபோகும். இந்தச் சமயத்தில் போய் தீவனத்தைக் குறைத்து அரிசியும் பழைய சோறும் மட்டும் போடுவது அநியாயம். எள்ளுப் புண்ணாக்கு கொடுங்கள், இறகுக்கு வேண்டிய மெத்தியோனின் அதில் நன்றாக இருக்கிறது. இங்கே மலிவாகக் கிடைக்கும் சாளை மீனின் தலையை வேகவைத்துப் போட்டால் போட்டி போட்டுத் தின்னும். உப்புக் கருவாடு மட்டும் வேண்டாம். மழைக்காலத்தில் கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்தால் விஷம், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

நாமக்கல் பக்கம் பிறந்தவன் என்பதால் இதையும் சொல்லணும். முட்டை குறைந்த கோழிகளைப் பட்டினி போட்டு, வேண்டுமென்றே இறகு உதிர வைக்கும் வழக்கம் பண்ணைத் தொழிலில் இருந்தது. அது கொடுமை, நிறுத்துங்கள் என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2011ல் சொன்னது. சரியான முடிவு. ஆனால் லாபக் கணக்கு பார்க்கிறவர்கள் ஏன் அதைச் செய்தார்கள்? இறகு மாற்றிய கோழி மறுபடி முட்டையிடும். எண்ணிக்கை கொஞ்சம் குறையும், முட்டை பெரிசாக இருக்கும், ஓடும் தேறிவிடும். பண்ணைக்காரருக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, கொல்லையில் ஆறு கோழி வைத்திருப்பவருக்குத் தெரியாமல் போவதுதான் எனக்கு வருத்தம்.

குளிர் விஷயத்துக்கு வருவோம். லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். பகல் சுருங்கியதும் இறகு உதிரும், பின்னாடியே குளிர் வந்துவிடும். திருவனந்தபுரத்தில் அந்த வித்தியாசமே ஒரு மணி நேரம்தான். அதனால் இங்கே ஒரு வருஷம் முட்டையிட்டு ஓய்ந்த கோழியோ, அடைகாத்து எழுந்த கோழியோ எந்த மாதத்திலும் உதிர்க்கும். அது மழையில் மாட்டும்போதுதான் கஷ்டம். இங்கே எதிரி குளிரில்லை, ஈரம். 100 வாட்ஸ் பல்பு தேவையே இல்லை. கூரை ஒழுகக்கூடாது, சாரல் அடிக்கும் பக்கம் தார்ப்பாய் வேண்டும், மேலே ஒரு சாண் திறந்திருக்க வேண்டும். முழுக்க மூடினால் எச்சத்தின் நெடியே கோழியைப் படுக்கப் போட்டுவிடும். கீழே உமியோ மரத்தூளோ போட்டு, நனைந்ததை அன்றன்றே அள்ளுங்கள்.

குளிர் தேசத்தில் கோழி வளர்க்கும் நம்மாட்களுக்கும் இதேதான்: காய்ந்த கூடு, காற்று நேரே அடிக்காத மூலை. இங்கிலாந்தில் கோழிக்கு ஸ்வெட்டர் பின்னிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாசம் புரிகிறது, ஆனால் தயவுசெய்து வேண்டாம். முளைக்கிற குருத்திறகில் ரத்தம் ஓடுகிறது. உரசினால் வலிக்கும், உடைந்தால் ரத்தம் வடியும், மற்ற கோழிகள் அங்கேயே கொத்தும். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள், இந்த இரண்டு மூன்று மாதம் தூக்கிக் கொஞ்ச வேண்டாம்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கத் தெரியணும். இறகு உதிர்க்கும் கோழிக்குக் கொண்டை வெளிறிச் சுருங்கும், ஆனால் நடக்கும், தின்னும். ஆசனவாய்ப் பக்கம் மட்டும் மொட்டையாக இருந்தால் இறகை விலக்கிப் பேன் இருக்கிறதா பாருங்கள். தலை தொங்கி, தீவனம் தொடாமல், பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்தால் அது வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம். அப்போது கறியும் வேண்டாம், கைவைத்தியமும் வேண்டாம். தனியாகப் பிரித்து வைத்துவிட்டு மிருகாசுபத்திரிக்குப் போங்க.