தாய்ப்பாலும் டின் பாலும்

பிள்ளை பெற்ற நாலாம் நாளே "பால் போதவில்லை" என்று வீட்டார் தீர்ப்புச் சொல்ல, டின் பால் வாங்க ஓடும் வழக்கம் நம்மிடையே இன்னும் தொலையவில்லை. 1939ஆம் ஆண்டிலேயே டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்று தலைப்பிட்டுப் பேசி, சர்க்கரை கலந்த டின் பாலைப் பச்சிளங் குழந்தைகளுக்கு விற்றவர்களைச் சாடினார்.

அழுகையை வைத்து முடிவு கட்டலாகாது. முதல் வாரத்துக்குப் பின் குழந்தை நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால் பால் போதுகிறது. ஏறாவிட்டால் கிளினிக்கில் காட்டவேண்டும். ரப்பர் மரத்தை ஓய்வு கொடுத்து வெட்டுகிறோம். தாயின் மார்போ உறிஞ்ச உறிஞ்சத்தான் சுரக்கும்.

காம்பு வெடிப்பது பெரும்பாலும் குழந்தை நுனியை மட்டும் கவ்வுவதால்தான். வாயை அகலத் திறக்கவிட்டு, கருவளையமும் உள்ளே போகும்படி பிடிக்கவைக்க வேண்டும். பால் கட்டி மார்பு கல்லானால், சிறிது பீய்ச்சிவிட்டுக் கொடுக்கலாம். பிறகு குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம் சுகம் தரும். சிவந்து காய்ச்சல் கண்டு ஒரு நாளில் தணியாவிட்டால், எண்ணெய் தடவிக் காத்திராமல் கிளினிக்குக்குப் போகவேண்டும். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

இத்தனையும் தாய் பிள்ளையருகே இருந்தால்தான் நடக்கும். 60 நாளாயிருந்த பிரசவ விடுப்பு 2023 ஜனவரி முதல் 98 நாளாயிற்று, நல்லதே. ஆனால் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கவேண்டிய காலம் ஆறு மாதம். மீதி நாளுக்கு என்ன வழி? வேலைக்குத் திரும்பும் தாய்க்குப் பால் கொடுக்கவும், பீய்ச்சி வைக்கவும், சம்பள வெட்டில்லாத நேரமும் மறைவான இடமும் நிர்வாகம் தரவேண்டும். நியாலாஸ் வட்டாரத் தோட்டக் கமிட்டிகள் இதை அடுத்த கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம்.