கேல் ரத்னா: ஒரே வெள்ளிக்கு இரண்டு மதிப்பா?

ஐதராபாத்தைச் சேர்ந்த டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்சாவுக்கு 2015இல் கேல் ரத்னா விருது அறிவிக்கப்பட்டபோது, கர்நாடக உயர்நீதிமன்றத்தை நாடினார் எச்.என்.கிரீஷா. 2012 லண்டன் பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் வெள்ளிப் பதக்கம் வென்றவர். விருதுக்கான புள்ளிக் கணக்கில் தாமே முதலிடம் என்பது அவரது வாதம். வழக்கு நிலுவையில் இருந்த நிலையிலேயே ஆகஸ்ட் 29 அன்று சானியா விருதைப் பெற்றுக்கொண்டார்.

சானியாவின் தகுதியில் ஐயமில்லை. அவ்வாண்டு மார்ட்டினா ஹிங்கிசுடன் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்றவர் அவர். கேள்வி விருதுக் குழுவின் அளவுகோலைப் பற்றியதே.

மறு ஆண்டு அதே ஐதராபாத்தின் பி.வி.சிந்து ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார்; பத்தே நாட்களில் கேல் ரத்னா அவர் கைக்கு வந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் கிரீஷா வென்றதும் வெள்ளிதானே?

சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கமே வென்றார். அவரோ 2020 வரை காத்திருக்க நேர்ந்தது. பாராலிம்பிக் வீரர் ஒருவருக்கு முதன்முதலாக இவ்விருது கிடைத்ததே 2017இல், தேவேந்திர ஜஜாரியாவுக்குத்தான்.

யாருக்கு எத்தனை புள்ளிகள், எதற்காக அளிக்கப்பட்டன என்பதை விருது அறிவிப்புடனேயே மத்திய விளையாட்டு அமைச்சகம் வெளியிட வேண்டும். பரிசீலிக்கப்பட்டு விடுபட்டவர்களின் புள்ளிகளும் அதில் இடம்பெற வேண்டும்.