மரம் நடும் மகராசர்களுக்கு ஒரு கும்பிடு

மக்களே, திட்டுறதா இருந்தா முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க.

மரம் நடுறது புண்ணியம்னு சொல்லியே நம்மளை வளர்த்துட்டாங்க. அதனால வெறும் புல்லு முளைச்ச இடத்தைப் பார்த்தாலே கை அரிக்குது. "சும்மாதானே கெடக்கு, நாலு கன்னு வைப்போம்." சும்மா கெடக்குன்னு யாருங்க சொன்னது?

நீலகிரியை எடுத்துக்குங்க. உச்சியில பள்ளத்துல சோலைக்காடு, மேட்டுல புல்வெளி. இதுதான் அந்த மலையோட இயற்கை. வெள்ளைக்காரன் கணக்குல புல்வெளின்னா தரிசு. 19-ஆம் நூற்றாண்டுலயே ஆஸ்திரேலியாவுலேர்ந்து கற்பூர மரமும் (அதாங்க, யூகலிப்டஸ்) சீகையும் கொண்டாந்து நட்டான். சரி, அவன் போயிட்டான். நாம என்ன கிழிச்சோம்? விறகு, தோல் பதனிடப் பட்டை, ஆலைக்கு மரக்கூழ்னு இன்னும் ஏக்கர் ஏக்கரா நட்டோம். இப்ப சீகையை யாரும் நட வேண்டாம், அதுவே பரவுது.

போனது வெறும் புல்லா? வரையாடு மேயுறது அங்கதான். நம்ம மாநில விலங்காச்சே! 2024 கணக்கெடுப்புல தமிழ்நாடு பூராவுக்கும் 1031தான்னு மதிப்பிட்டாங்க. 12 வருஷத்துக்கு ஒருக்கா பூக்குற நீலக்குறிஞ்சிக்கும் வெயில் படுற புல்வெளிதான் வீடு. நீலகிரி நெட்டைக்காலின்னு ஒரு குருவி, புல்லுக்குள்ளதான் கூடு கட்டும். மரத்தை நட்டுட்டு "பறவைக்கு நல்லது"ன்னா அது எங்க போகும்?

"மரம் இருந்தாத்தானே தண்ணி?"ன்னு கேப்பீங்க. எல்லா இடத்துலயும் அப்படி இல்லீங்க. புல்லு குடிக்கிறதைவிட கற்பூர மரம் அதிகமாக் குடிக்கும். அந்த மலைத் தண்ணிதான் பைக்காரா, மோயாறு, பவானின்னு எறங்கி காவிரியில சேருது. இழப்பு ஊட்டிக்காரனுக்கு மட்டுமில்ல.

கீழ சமவெளியிலயும் இதே கதைதான். விறகுக்காகும்னு பரப்பின சீமைக்கருவேலம் இன்னைக்குக் கண்மாய்க்குள்ள நிக்குது. அயல் தாவரங்களை அகற்ற 2022ல தமிழக அரசு தனிக் கொள்கையே போட்டுச்சு. நட்டதும் நம்ம காசு, புடுங்குறதும் நம்ம காசு!

மரமே வேண்டாம்னு சொல்லலை. காட்டை அழிச்ச இடத்துல, அந்த மண்ணோட மரத்தை நடுங்க. அதுக்கு முன்னாடி அங்க ஏற்கெனவே யார் குடியிருக்காங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க. புல்வெளி, மரம் இல்லாத காடு இல்லை, அது புல்வெளி.

அவ்ளோதான். இனி நீங்க கும்முங்க :-)